நாடகத்தை வீடியோ எடுத்தால் நடிகருக்குத் தனிக்காசு உண்டா?

கேள்வி, 7 மார்ச் 2024

மேலூர் பக்கம் எங்க ஊர். மாசித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வச்சோம். தலைக்கட்டு வரி போட்டு வசூல் பண்ணி, பேசின சம்பளத்தை விடியக்காலையிலேயே எண்ணிக் கொடுத்தாச்சு. கமிட்டிப் பையன்கள் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டாங்க, நல்லா ஓடுது. இப்ப பபூன் வேஷம் கட்டினவர் ஏஜெண்டு மூலமா வீடியோவுக்குத் தனியா காசு கேட்கிறார். ஒரு தடவை சம்பளம் வாங்கின வேலைக்கு மறுபடியும் காசா? கொத்தனார் வீட்டைக் கட்டிக் கொடுத்துட்டு வாடகையில் பங்கு கேட்பாரா? அதுவும் நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது. இவரா எழுதினார்?

7 மார்ச் 2024, இரவு 11.20

கொத்தனார் கட்டின வீட்டை ஒரு பொத்தானைத் தட்டி லட்சம் பேருக்கு ஆளுக்கொரு வீடாக் கொடுக்க முடியும்னா அவரும் பங்கு கேட்கத்தான் செய்வார்.

உங்க கேள்வியில் ரெண்டு உரிமை ஒண்ணாக் குழம்பிக் கிடக்கு. எழுத்து சுவாமிகளோடது. அவர் மறைந்தது 1922. நம்ம நாட்டுல எழுதினவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைதான் காப்புரிமை. அதனால வள்ளி திருமணத்தை நீங்களும் போடலாம், நானும் போடலாம், யாருக்கும் ஒத்தப் பைசா கட்ட வேண்டாம். ஆனா அன்னைக்கு ராத்திரி உங்க மேடையில் நடந்தது நடிப்பு. நடிச்சவருக்குன்னு தனியா ஒரு உரிமை இருக்கு. 1957-ல் காப்புரிமைச் சட்டம் போட்டப்ப இது கிடையாது. 1994-ல் சேர்த்தாங்க, 2012-ல் அதுக்குப் பல்லு வச்சாங்க. 38ஏ பிரிவு. தன் நடிப்பைப் படம் பிடிக்கிறதுக்கும், அதைப் பத்துப் பேருக்குப் பரப்புறதுக்கும் அனுமதி கொடுக்க வேண்டியது நடிச்சவர். 50 வருஷத்துக்கு.

யாரெல்லாம் இதுல வருவாங்கன்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு: நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுறவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி. பாம்பாட்டிக்கே உண்டுன்னா பபூனுக்கு இல்லையா?

வாயால "எடுத்துக்கப்பா"ன்னு சொல்லியிருந்தாலும் செல்லாது. எழுத்தில் வேணும்.

8 மார்ச், காலை 6.05

நேத்து பெரிய நியாயஸ்தன் மாதிரி எழுதிட்டுப் படுத்தேன், தூக்கம் வரலை. நான் யாருன்னு சொல்லாம விட்டுட்டேன்.

நான் வீடியோக்காரன். சொந்த ஊர் செக்கானூரணி பக்கம், கடை மதுரையில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பேன். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் நாடகம். என் சேனலில் கிடக்கிற நாடகத்துல ஒண்ணுக்குக்கூட யார்கிட்டயும் எழுத்தில் எதுவும் வாங்கினதில்லை. மிச்சத்தை அப்புறம் எழுதறேன், இப்ப திருப்பரங்குன்றத்துல ஒரு காதுகுத்து.

10 மார்ச், இரவு

இந்த வள்ளி திருமணம் மாதிரி ஸ்பெஷல் நாடகம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இதுல கம்பெனி கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டுற ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷம் கட்டுற ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளம் வாசிக்கிற ஆல்ரவுண்ட் எல்லாம் வேற வேற ஊர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அட்வான்ஸ் கொடுத்து ஒரே ஒரு ராத்திரிக்குச் சேர்க்கிறது. ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. மேக்கப் போடற கொட்டகையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து "என்னண்ணே, சௌக்கியமா?" சுண்ணாம்புக்காரத் தெருவில் நடிகர் சங்கம் இருக்கு, ஆனா எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட ஒரு முதலாளி கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எங்க சித்தப்பா ஆர்மோனியம். சின்ன வயசில் அவர் பெட்டியைத் தூக்கிட்டு ஊர் ஊராப் போனவன் நான். 2016-ல் கேமரா வாங்கினேன். கமிட்டி எனக்குக் கவரேஜ் காசு கொடுக்கும், நான் டிவிடி போட்டுக் கொடுப்பேன். எடுத்தது சும்மாக் கிடக்கேன்னு சேனல் ஆரம்பிச்சேன். அப்ப யூடியூபில் விளம்பரக் காசு வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் வேணும், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் ஓடியிருக்கணும். ஆயிரம் பேர் வந்துட்டாங்க, அந்த நாலாயிரம் மட்டும் எட்டவே இல்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. நாடகக்காரங்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசிதான் வருஷத்துச் சம்பாத்தியம். ஒரு ஊர்லயும் பொங்கல் வைக்கலை, மேடை போடலை. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கேட்ட ஊரும் உண்டு. சனம் பூரா வீட்டுக்குள்ள உட்கார்ந்து செல்போனில் நாடகம் பார்த்துச்சு. அந்த வைகாசிக்குள்ள என் சேனல் நாலாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போயிருச்சு.

அதுல ரொம்ப ஓடினது ஒரு தர்க்கம். நாரதரும் வள்ளியும் எதிரெதிரா நின்னு பேசறது. புத்தகத்துல இருக்கிறது கொஞ்சம்தான். மீதியை நிக்கிற இடத்துல ரெண்டு பேரும் இட்டுக்கட்டணும். நாரதர் ஒரு கேள்வி போடுவார், வள்ளி அதையே திருப்பி அவர் தாடையில் அடிக்கிற மாதிரி ஒரு பதில் சொல்லும். வள்ளியா நடிச்ச அக்காவை எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். அந்த வருஷம் அவங்க நூறு நாள் வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. ஒரு நாள் போன்.

"தம்பி, என் மக போன்ல காட்டுச்சு. கீழ நாலு லட்சம்னு போட்டிருக்கே, அது ரூபாயா?"

"இல்லக்கா, ஆளு. பார்த்தவங்க."

"அப்ப ரூபா எவ்வளவு?"

"அதெல்லாம் பெருசா ஒண்ணும் வராதுக்கா."

நான் சொன்னது பொய். முதல் தடவையா ஏழாயிரத்துச் சொச்சம் என் கணக்குல விழுந்து மூணு நாள் ஆகியிருந்துச்சு. மனசு கேட்காம அவங்க மக நம்பருக்கு ஆயிரம் அனுப்பினேன். "நீ நல்லா இருப்பய்யா, உன் கேமரா நல்லா இருக்கும்"னு வாழ்த்தினாங்க. மீதி ஆறாயிரத்துல ஒரு லைட் ஸ்டாண்டும் ரெண்டு மெமரி கார்டும் வாங்கினேன். அந்த ஸ்டாண்டு இப்பவும் இருக்கு.

11 மார்ச், மதியம்

ஒரு திருத்தம். ஒத்தக்கடை ஐகோர்ட்டுல இருக்கிற வக்கீல் நண்பர் முதல் நாள் எழுதினதைப் படிச்சிட்டு, "வாய்ச்சொல் செல்லவே செல்லாதுன்னு யார் சொன்னது உனக்கு?"ன்னு திட்டினார். படத்துல தன் நடிப்பைச் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்துட்டா, அப்புறம் தயாரிப்பாளர் அந்த உரிமையை அனுபவிக்கிறதைத் தடுக்க முடியாது, ஆனா வியாபாரத்துக்குப் பயன்படுத்தினா ராயல்டி உண்டுன்னு பிரிவு சொல்லுது. எழுத்தே இல்லாத இடத்துல என்ன நடந்ததுன்னு சாட்சியை வச்சுப் பார்ப்பாங்க. கேமராவைப் பார்த்துக் கண்ணடிச்ச பபூன், எடுத்ததே தெரியாதுன்னு சொன்னா எடுபடாது. எடுக்கச் சம்மதிச்சதும், அதை வச்சு நீ காசு பார்க்கச் சம்மதிச்சதும் ஒண்ணா, வேற வேறயாங்கிறதுதான் வழக்கு. வேற வேறன்னுதான் அவர் வாதாடுவாராம். ஃபீஸ் என்ன ஆகும்னு கேட்டேன், சிரிச்சார்.

11 மார்ச், இரவு

"சாமி காரியத்துக்குக் காப்புரிமை கிடையாது, 52-ஆம் பிரிவைப் படி"ன்னு ஒருத்தர் தனியா எழுதியிருக்கார். படிச்சேன். தொழிலா நடிக்காத அமெச்சூர் குழு, கோயில் நன்மைக்காக நாடகமோ பாட்டோ நடத்தினா அந்த எழுத்துக்குக் காசு கட்ட வேண்டாம்னு இருக்கு. நாடகக்காரங்க அமெச்சூரா? ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறி விடிய இறங்கி, பஸ்ஸுல தூங்கிக்கிட்டே அடுத்த ஊருக்குப் போறவங்க. அது போக, சாமிக்கு நடந்தது மேடையோட முடிஞ்சது. யூடியூபில் போட்டு விளம்பரம் ஓட விட்டது எந்தச் சாமிக்கு?

இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

14 மார்ச்

ஒரு கூத்து சொல்றேன். பபூனும் டான்ஸும் வர்ற இடத்துல ஜனங்க தூங்காம இருக்கச் சினிமாப் பாட்டு பாடுவாங்க. நான் ஏத்தின ஒரு நாடகத்துல பபூன் ஒரு பழைய பாட்டை நாலு நிமிஷம் பாடியிருக்கார். சித்தப்பா ஆர்மோனியம். வீடியோ மொத்தம் ஆறு மணி நேரம். ஏத்தின மறுநாள் மெயில்: உங்க வீடியோவில் இன்ன பாட்டு இருக்கு, வருமானம் உரிமைக்காரருக்குப் போகும்.

யாரும் உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடிச்சதில்லை. பாட்டு கம்பெனி தன் பாட்டை யூடியூபிடம் மாதிரிக்குக் கொடுத்து வச்சிருக்கும், ஏத்துற ஒவ்வொண்ணையும் மெஷின் அதோட ஒப்பிடுது. ஒரிஜினல் ஒலிநாடா வேணும்னுகூட இல்லை, மெட்டு ஒத்துப் போனாலே பிடிச்சுக்குது. விடியக்காலை மூணு மணிக்குத் தொண்டை கட்டிப் போய்ப் பாடின பாட்டைக் கண்டுபிடிச்சிருக்குன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன். "சுருதி சுத்தமா இருந்திருக்குடா"ன்னு அவருக்கு ஒரே பெருமை.

தகராறு பண்ணலாம், உரிமைக்காரர் 30 நாளில் பதில் சொல்லணும். நான் பண்ணலை. பாட்டு அவங்களோடதுதானே. அந்தக் காசுல பாட்டெழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பங்கு போகுதுன்னா எனக்கு வருத்தமும் இல்லை. அவங்க பட்ட பாடும் சாதாரணம் இல்லை. சினிமாவுக்காகக் காசு வாங்கிட்டு மெட்டுப் போட்டா முதல் உரிமை தயாரிப்பாளருக்குன்னு 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. 2012-ல்தான் ராயல்டியில் அவங்க சரிபாதிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் செல்லாதுன்னு சட்டம் வந்துச்சு. இந்திப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல நின்னு பேசினார்.

நான் சொல்ல வந்தது வேற. நாலு நிமிஷப் பாட்டுக்குச் சொந்தக்காரரை மெஷின் ஒரே நாளில் கண்டுபிடிச்சது. மீதி கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தின எட்டுப் பேரை அதுக்கு யாருன்னே தெரியாது. அவங்க நடிப்புக்கும் சட்டத்துல உரிமை இருக்கு, மாதிரி கொடுத்து வைக்க ஒரு கம்பெனிதான் இல்லை.

15 மார்ச்

கல்யாண மண்டபத்துல பாட்டுப் போட்டா காசு கட்டணுமான்னு மூணு பேர் கேட்டாச்சு. வேண்டாம். கல்யாண ஊர்வலம், அதைச் சேர்ந்த விசேஷம் எல்லாத்துக்கும் சட்டத்துலயே விலக்கு. 2023 ஜூலையில் மத்திய அரசு மறுபடி அறிவிப்பு விட்டுச்சு. எடுத்த கல்யாண வீடியோவுல சினிமாப் பாட்டைக் கோர்த்து ஏத்தினா அது வேற கதை. இதை ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் நான் விளக்க வேண்டியிருக்கு. யாரும் கேட்கிறதில்லை.

19 மார்ச்

"கலைஞர்கள் எந்தக் காலத்துல நியாயமாச் சம்பளம் வாங்கினாங்க?"ன்னு ஒரு பெரியவர். வாங்கினாங்க ஐயா. ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்து போன கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் வாங்கினாங்க. அது காப்புரிமையால் வந்ததில்லை. அந்தக் குரலுக்குக் கூட்டம் வரும்னு தெரிஞ்சு கேட்டாங்க, கொடுத்தாங்க.

எதிர்ப்பக்கம் பாரதி. 1904-ல் இங்க மதுரை சேதுபதி பள்ளியில் கொஞ்ச மாசம் தமிழ் வாத்தியார் வேலை. இருந்தவரைக்கும் புத்தகம் போடக் கடன் கேட்டு அலைஞ்சவர். 1921-ல் போயிட்டார். அப்புறம் அவர் பாட்டு உரிமை கைமாறிக் கைமாறி, சினிமா, ஒலிபரப்பு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார்கிட்ட இருந்துச்சு. மக்கள் கேட்டதுல அவர் விட்டுக் கொடுக்க, 1949-ல் சென்னை அரசாங்கமே பாரதி எழுத்தோட உரிமையை எடுத்துக்கிச்சு. இதைத்தான் "பார்த்தியா, கலை எல்லாருக்கும் பொது"ன்னு எடுத்துக்காட்டுவாங்க. நானும் சொல்லிட்டிருந்தேன். இப்ப யோசிச்சா, பொதுவானது நல்லதுதான், ஆனா அதுக்குள்ள அவர் போய் 28 வருஷம். வீட்டுல அடுப்பு எரியாதப்ப அந்தப் பாட்டுக்கு விலை இல்லை.

நாடகத்தை விட்டுத் தூரம் வந்துட்டேன்.

2 ஏப்ரல்

நேத்து வாடிப்பட்டி பக்கம் நாடகம். கேள்வியில் வந்த அதே பபூன்தான் அங்கயும். நான்தான் இப்படி எழுதிட்டிருக்கேன்னு சொல்லலை. முகத்துல பவுடர் அப்பிக்கிட்டே பேசினார்.

"முன்னெல்லாம் ஒரு காமெடிய யோசிச்சுட்டன்னா மாசியில இருந்து ஆடி வரைக்கும் ஓட்டிருவேன். மேலூர்ல சிரிச்சத உசிலம்பட்டிக்காரன் கேட்டிருக்க மாட்டான். இப்ப அடுத்த ஊருக்கு நான் பஸ் ஏறிப் போறதுக்குள்ள என் ஜோக்கு எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கு. வாயத் தொறந்தா முன்வரிசையில இருக்க பொடியன் மீதியச் சொல்றான்."

தனிக்காசு கேட்டது இதுக்குத்தானான்னு கேட்டேன். இல்லையாம். "காசு கூட அப்புறம் தம்பி. வீடியோவுக்குத் தலைப்பு 'செம காமெடி, விழுந்து விழுந்து சிரிப்பீங்க'. எம் பேரு எங்க? நோட்டீஸ்ல போட்டோவோட போட்டவன், அதுல ஏன் போடல?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். 38பி. நடிச்சவர் பேரைச் சொல்லணும்ங்கிறது தனி உரிமை. மத்த உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் இது அவர்கிட்டயே இருக்கும். என் சேனலைத் திறந்து பார்த்தா பாதிக்கு மேல பேர் இல்லை. எனக்கே சிலர் முழுப்பேர் தெரியலை, "பபூன் அண்ணன்", "ஸ்திரீபார்ட் அக்கா"ன்னே பழகிட்டேன். ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் பழைய நோட்டீஸை எடுத்து வச்சுப் பேர் சேர்த்தேன்.

ஜோக்கைத் திருடினா என்ன பண்றதுன்னு வக்கீலைக் கேட்டேன். நாடக எழுத்துன்னு பாதுகாப்பு வேணும்னா எழுத்திலோ வேற வகையிலோ பதிவாகி இருக்கணுமாம். பபூன் தன் காமெடி எதையும் எழுதினது கிடையாது, மண்டைக்குள்ள. அப்ப பதிவு எதுன்னா, என் வீடியோதான். அவர் பிழைப்பைக் கெடுத்ததும் அதுதான், அவர்தான் முதல்ல சொன்னார்னு சாட்சி சொல்ல இருக்கிறதும் அதுதான்.

3 ஏப்ரல்

வள்ளியா நடிச்ச அக்காகிட்ட, அவங்க வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிறவான்னு போன் போட்டேன். பதறிட்டாங்க. "ஏண்டா, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வருஷம் அஞ்சு ஊரு வந்துச்சு! சிவகங்கை வரைக்கும் கூப்பிடுறான்." ஆக வீடியோ பபூனுக்கு விஷம், ஸ்திரீபார்ட்டுக்கு நோட்டீஸ். ஒரே சட்டத்தை வச்சு ரெண்டு பேருக்கும் எப்படி நியாயம் சொல்றது? கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன்.

24 ஏப்ரல்

அழகர் ஆத்துல இறங்கினதை எடுத்துட்டு வந்து கை இன்னும் வலிக்குது, இருந்தாலும் எழுதிடறேன்.

பங்கு போட்டுப் பார்த்தேன். ஒரு நாடகம், எட்டுப் பேர். சம்பளக் கணக்குல பிரிச்சா ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பெரிய பங்கு. ஓடுறது பபூன் துண்டுன்னா அவர் ஒத்துக்க மாட்டார். கேமராவில் தெரியறதை வச்சுப் பிரிச்சா சித்தப்பாவுக்குப் பூஜ்யம், ஓரமா உட்கார்ந்திருப்பார். "நான் கட்டையை மூடிட்டா எவன்டா பாடுவான்?" எட்டாப் பிரிச்சு மாசக் கடைசியில் பார்த்தா ஆளுக்கு 38 ரூபா. அனுப்பினா சிரிப்பாங்க.

அதனால வேற மாதிரி. அட்வான்ஸ் கொடுக்கும்போதே அரைத்தாளில் அஞ்சு வரி: இந்த நாடகத்தை எடுக்கலாம், இன்ன சேனலில் போடலாம், அதுக்குத் தனியா இவ்வளவு, எல்லார் பேரும் போடணும், மூணு வருஷம். காலம் எழுதலைன்னா சட்டப்படி அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்க, அதனால எழுதிடணும். பபூனுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: ஆடி முடியற வரைக்கும் காமெடியை ஏத்தக் கூடாது. இதைச் சொன்னதும் அவர் எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார்.

முதலாளி இல்லாத நாடகம்னு அன்னைக்குச் சொன்னேனே, அதோட கஷ்டம் இங்கதான். எட்டுப் பேர் கையெழுத்து எட்டு ஊர்ல.

30 மே

கேள்வி கேட்ட மேலூர்க்காரர் போன் பண்ணினார். கமிட்டி கூடிப் பேசிச்சாம். பபூனுக்கு ரெண்டாயிரம் கொடுத்துடறது, வீடியோவுல பேர் போட்டுடறதுன்னு முடிவு. கூடவே இன்னொரு முடிவு: அடுத்த வருஷம் வேற பபூனைக் கூப்பிடறது. "நமக்கு எதுக்குங்க சட்டம் பேசுற ஆளு?"

இதுக்கு எந்தப் பிரிவும் இல்லை. யாரைக் கூப்பிடறதுங்கிறது ஊர் இஷ்டம். தனியா ஒருத்தர் கேட்டா இதுதான் கிடைக்கும், சங்கம் வழியா எல்லாரும் சேர்ந்து இதுதான் ரேட்டுன்னு சொன்னா ஊர் ஒத்துக்கும்னு மேலூர்க்காரரே சொல்றார். அவர் எங்க கட்சிக்கு எப்ப வந்தார்னு தெரியலை.

4 ஆகஸ்ட்

பதினெட்டாம் பெருக்கும் முடிஞ்சது. ஏப்ரலுக்கு அப்புறம் என்கிட்ட வந்தது ஒன்பது நாடகம். நாலு ஊர்ல அரைத்தாள் கையெழுத்தாச்சு, ஒரு ஊர்க் கமிட்டி கையெழுத்துப் போட்டு எங்க பிரதியையும் சேர்த்து பீரோவுல வச்சுப் பூட்டிருச்சு. மூணு ஊர்ல, காசு தனியாக் கேட்டா வீடியோவே வேண்டாம்னுட்டாங்க. எனக்குக் கவரேஜ் போச்சு, நடிகர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கணக்குல ஒண்ணு குறையுதேன்னு கேட்பீங்க. அது சித்தப்பா வாசிச்சது. எல்லாரும் போட்டாச்சு, அவர் மட்டும் போடலை. தாளில் அவர் பேருக்கு முன்னாடி 'ஆர்மோனியச் சக்கரவர்த்தி'ங்கிற பட்டத்தை நான் அடிக்கலையாம். நோட்டீஸில் இருக்கிற மாதிரி முழுசா அடிச்சுக் கொண்டு வந்தாத்தான் பேனாவையே தொடுவாராம். நாளைக்கு மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போகணும்.